ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெயை நிறுத்திவிட்டுச் செக்கு எண்ணெய்க்கு மாறலாமா?

வடசட்டி:

விதை எண்ணெய் எல்லாம் விஷம், உடம்பில் அழற்சியைக் கிளப்பும், ஹார்ட் அட்டாக்குக்கு அதுதான் காரணம் என்று ரீல்ஸில் தினமும் ஒருவர் சொல்கிறார். விரலைத் தள்ளினால் அடுத்தவர் தேங்காய் எண்ணெய்தான் எமன் என்கிறார். எண்ணெய் விற்காத யாராவது பதில் சொன்னால் நல்லது.

வீட்டில் பெரியவர்கள் நாலு பேர். மாதக் கணக்கு: ரீஃபைண்ட் சூரியகாந்தி 3 லிட்டர், நல்லெண்ணெய் 1 லிட்டர், தேங்காய் எண்ணெய் அரை லிட்டர், ரேஷன் பாமாயில் 1 லிட்டர். பாமாயில் வடை, பஜ்ஜி, அப்பளம் பொரிக்க மட்டும். ஒருவருக்கு எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 150-க்கு மேல் இருக்கிறது, மாத்திரை இன்னும் தொடங்கவில்லை.

சூரியகாந்தியை மொத்தமாக நிறுத்த வேண்டுமா? சுத்திகரிக்கும்போது சேர்க்கும் ரசாயனம் எண்ணெயில் தங்குகிறதா? செக்குக் கடலை எண்ணெய்க்கு மாறினால் அதிலேயே முறுக்கு சுடலாமா? பொரித்து மிஞ்சின எண்ணெயை எத்தனை தடவை பயன்படுத்தலாம்?

எள்ளுநெய்:

எண்ணெய் என்ற சொல்லே எள் நெய். ஆக, நாம் முதன்முதலில் பெயர் வைத்த எண்ணெயே விதை எண்ணெய்தான். கடலை எண்ணெயும் அப்படியே. ரீல்ஸில் வருகிற எட்டு எண்ணெய்ப் பட்டியல் அமெரிக்காவில் கிளம்பியது: சோயா, மக்காச்சோளம், கனோலா, பருத்திவிதை, சூரியகாந்தி, குசும்பா, திராட்சை விதை, அரிசித் தவிடு. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டினால் நல்லெண்ணெய் தப்பித்துவிடும், சூரியகாந்தி மாட்டிக்கொள்ளும். இரண்டிலும் இருப்பது லினோலிக் அமிலம் என்ற அதே ஒமேகா-6 கொழுப்பமிலம், அளவுதான் வேறு. சூரியகாந்தியில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல், நல்லெண்ணெயில் 40-க்குச் சற்று மேல், கடலையில் 30 சுமார், பாமாயிலில் 10, தேங்காயில் 2 அளவுக்குத்தான்.

அழற்சி வாதம் எங்கிருந்து வருகிறது என்றால், லினோலிக் அமிலம் உடம்பில் அராக்கிடோனிக் அமிலமாக மாறும், அதிலிருந்து அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உண்டாகும் என்ற பாடப்புத்தகப் படத்திலிருந்து. படம் சரி. ஆனால் அந்த மாற்றம் மிகச் சொற்பம், உடம்பு அதைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. உணவில் லினோலிக்கைப் பல மடங்கு கூட்டியும் குறைத்தும் செய்த சோதனைகளை 2011-இல் தொகுத்துப் பார்த்தார்கள், அராக்கிடோனிக் அளவு அசையவில்லை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவீடுகளும் ஆரோக்கியமானவர்களுக்கு ஏறவில்லை என்று அடுத்த வருடம் இன்னொரு தொகுப்பு சொன்னது.

இனி உங்கள் மாதக் கணக்கு. மொத்தம் ஐந்தரை லிட்டர். எண்ணெயின் அடர்த்தி 0.91 என்று வைத்தால் 5 கிலோ. நாலு பேர், 30 நாள்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 42 கிராம், கிட்டத்தட்ட 375 கலோரி. உட்கார்ந்து வேலை செய்கிற பெரியவர்களுக்கு நம் நாட்டு வழிகாட்டுதல் 20 முதல் 30 கிராம் வரைதான். பொரித்துவிட்டுக் கொட்டுவதைக் கழித்தாலும் தாண்டித்தான் நிற்கிறீர்கள். எந்த எண்ணெய் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

லினோலிக் மட்டும் பார்த்தால் சூரியகாந்தியிலிருந்து ஆளுக்கு 14 கிராம், நல்லெண்ணெயிலிருந்து 3, பாமாயிலிலிருந்து 1-க்கும் குறைவு. கூட்டினால் 18 கிராம். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 8 சதவீதம். லினோலிக் சேர்ந்த பாலி அன்சாச்சுரேட்டட் வகைக் கொழுப்புகள் மொத்தமாகக் கலோரியில் 6 முதல் 11 சதவீதம் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு அமைப்பும் கூட்டிய நிபுணர் குழுவின் கணக்கு. நடுவில்தான் இருக்கிறீர்கள்.

எல்டிஎல் உள்ளவருக்கு நிறுத்த வேண்டியது வேறு பாட்டில். பாமாயிலில் உறைகொழுப்பு, அதாவது சாச்சுரேட்டட் கொழுப்பு, நூற்றுக்கு 40 பங்குக்கு மேல், தேங்காயில் 90. உங்கள் அரை லிட்டர் தேங்காய் எண்ணெயும் ஒரு லிட்டர் பாமாயிலும் உறைகொழுப்புக் கணக்கில் கிட்டத்தட்டச் சமம், ஆளுக்கு மூன்று மூன்றரை கிராம் வீதம். தேங்காய் எண்ணெயை மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட சோதனைகளை 2020-இல் சேர்த்துப் பார்த்தபோது எல்டிஎல் சராசரியாக 10 மில்லிகிராம் அளவுக்கு ஏறியிருந்தது. நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல்லும் கொஞ்சம் ஏறியது, ஆனால் அதனால் இதயத்துக்கு லாபம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அவியலுக்கு மேலே ஊற்றுகிற ஒரு ஸ்பூனை யாரும் பிடுங்க வேண்டாம். தாளிப்பு முதல் பொரியல் வரை தேங்காய் எண்ணெய் என்றால்தான் பிரச்சினை.

சூரியகாந்தியைக் கொட்டவேண்டாம். தீர்ந்ததும் அளவைக் குறையுங்கள்.

தேங்காய்ச்சில்லு:

மேலே உள்ளவர் வசதியாக ஒன்றை விட்டுவிட்டார். மினசோட்டா சோதனை. உறைகொழுப்பை எடுத்துவிட்டு மக்காச்சோள எண்ணெய் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் குறைந்தது, சாவு குறையவில்லை. அந்த முடிவு முழுசாக வெளியே வரவே 2016 ஆயிற்று. சிட்னி சோதனையில் குசும்பா எண்ணெய் கொடுத்த பக்கம்தான் அதிகம் பேர் இறந்தார்கள். இதற்கு என்ன பதில்?

எள்ளுநெய்:

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியதும்கூட.

மினசோட்டா சோதனை 1968 முதல் 1973 வரை, ஆறு அரசு மனநல மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் இல்லத்திலும் நடந்தது. 9,423 பேர். நீங்கள் சொன்ன முடிவு சரிதான். ஆனால் மருத்துவமனையிலிருந்து ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், அந்தச் சாப்பாட்டை ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர்கள் ஏறக்குறைய 2,400 பேர்தான். இதய நோய் வருடக்கணக்கில் வளர்கிற நோய். தவிரவும் கொடுத்தது எண்ணெய் மட்டும் அல்ல, மக்காச்சோள எண்ணெயில் வெண்ணெய் மாதிரி செய்த மார்ஜரினும் உண்டு. அந்தக் கால மார்ஜரினில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் தீரவில்லை.

சிட்னி, 1966 முதல் 1973 வரை. ஏற்கெனவே மாரடைப்பு போன்ற இதயச் சிக்கல் வந்த 458 ஆண்கள். எண்ணெய் பக்கம் 17.6 சதவீதம் பேரும் மறுபக்கம் 11.8 சதவீதம் பேரும் இறந்தார்கள். அங்கே லினோலிக் கலோரியில் 15 சதவீதத்துக்குத் தள்ளப்பட்டது, அதுவும் ஒமேகா-3 சேராமல். உங்களைப் போலவே எனக்கும் இதில் ஒரு பாடம் தெரிகிறது: லினோலிக்கைத் தலைக்குமேல் ஏற்றாதீர்கள், தனியாகவும் ஏற்றாதீர்கள். 8 சதவீதத்தில் இருப்பவர் பயந்து நெய்க்கு ஓட வேண்டும் என்பது அதிலிருந்து வராது.

எதிர்ப்பக்கம் லாஸ் ஏஞ்சலஸ் முன்னாள் படைவீரர்கள் சோதனை இருக்கிறது, 846 பேர், எண்ணெய் பக்கம் இதய, ரத்தக்குழாய் பாதிப்பு குறைந்தது. இதையும் சேர்த்து, நீண்ட காலம் ஒழுங்காக நடந்த நாலு சோதனைகளை 2017-இல் அமெரிக்க இதயச் சங்கம் எடைபோட்டது. உறைகொழுப்புக்குப் பதில் இந்த எண்ணெய்கள் என்றால் இதய பாதிப்பு 30 சதவீத அளவுக்குக் குறையும் என்றது. எந்தச் சோதனையைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் சண்டையே, மினசோட்டாவைச் சேர்த்தால் லாபம் சுருங்கும். சுருங்கினாலும் விஷம் என்ற முடிவு அதில் கிடைக்காது.

எனக்கு இதில் பிடித்தது சுவீடனில் நடந்த சின்னச் சோதனை, 2014-இல் வந்தது. இயல்பான எடையுள்ள 39 பேருக்கு ஏழு வாரம் கூடுதலாக மஃபின் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குப் பாமாயில் மஃபின், பாதிப் பேருக்குச் சூரியகாந்தி மஃபின். இரு பக்கமும் எடை ஒரே அளவு கூடியது. கல்லீரல் கொழுப்பு மட்டும் பாமாயில் பக்கம் தெளிவாக அதிகமாக ஏறியது. நம் ஊரில் ஃபேட்டி லிவர் இருக்கிற இருப்புக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி.

விதை எண்ணெயை விட்டதும் உடம்பு லேசாயிற்று என்பவர்கள் பொய் சொல்லவில்லை. விதை எண்ணெயை விட்டால் சிப்ஸ், மிக்சர், பேக்கரி பஃப்ஸ், கடைப் புரோட்டா எல்லாம் சேர்ந்து போய்விடும். நல்லது நடக்காமல் என்ன செய்யும்?

செக்கடி:

சுத்திகரிப்புக் கேள்விக்கு நான் வருகிறேன். மரச்செக்குக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் சொல்லாமல் விடுவது இரண்டையும் சேர்த்து.

விதையில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்பதே எடுக்கும் முறையைத் தீர்மானிக்கும். எள்ளிலும் நிலக்கடலைப் பருப்பிலும் பாதிக்குப் பாதி எண்ணெய், ஆட்டினாலே வந்துவிடும். சோயாவிலும் தவிட்டிலும் 20 சதவீதத்தைத் தாண்டுவதே அபூர்வம், ஆட்டினால் கட்டுபடியாகாது, ஹெக்சேன் என்ற கரைப்பானில் கரைத்துத்தான் எடுப்பார்கள். சூரியகாந்தியை முதலில் பிழிந்து, மீந்த புண்ணாக்கை ஹெக்சேனில் கரைப்பது வழக்கம். ஹெக்சேன் 69 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். கடைசிக் கட்டத்தில் எண்ணெயை வெற்றிடத்தில் 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி நீராவி விடுகிறார்கள். சட்டப்படி கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் மிஞ்சக்கூடாது. நான் ஹெக்சேனுக்குப் பயப்பட மாட்டேன்.

வரிசை இப்படி: பாஸ்பாரிக் அமிலத்தில் பிசின் நீக்குவது, காஸ்டிக் சோடாவில் புளிப்பு நீக்குவது, களிமண்ணில் நிறம் நீக்குவது, சூரியகாந்தி, தவிடு போன்றவற்றுக்குக் குளிரவைத்து மெழுகு நீக்குவது, கடைசியில் வாசனை நீக்குவது. அமிலமும் சோடாவும் கழுவலில் போய்விடும். கவனிக்க வேண்டியது அந்தக் கடைசிக் கட்டம். அவ்வளவு சூட்டில் வைட்டமின் ஈ-யில் ஒரு பங்கு போகிறது, கொஞ்சம் டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது, கிளைசிடைல் எஸ்டர் என்ற வேண்டாத பொருளும் உண்டாகிறது. இந்தக் கடைசிப் பொருள் அதிகம் சேர்வது சூரியகாந்தியில் அல்ல, பாமாயிலில். டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரியிலிருந்து நம் நாட்டு வரம்பு 2 சதவீதம்.

பாக்கெட்டின் பின்பக்கம் 319 என்று இருந்தால் டிபிஎச்க்யூ, எண்ணெய் கெடாமலிருக்கச் சேர்ப்பது. 900ஏ என்றால் நுரை அடக்கும் சிலிக்கோன். இரண்டும் அனுமதிக்கப்பட்டவை. முன்பக்கம் பெரிய எழுத்தில் சூரியகாந்திப் பூ இருந்து, சின்ன எழுத்தில் "பிளெண்டட்" என்று இருந்தால் அது கலப்பு எண்ணெய், ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள், படியுங்கள்.

இப்போது செக்கு. இங்கேதான் ஆட்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஈரம் காயாத நிலக்கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் உண்டாகும். கல்லீரலுக்குப் பகை, புற்றுநோய் வரை கொண்டுபோகும். ஆட்டும்போது பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கினாலும் ஒரு பங்கு எண்ணெயில் இறங்கும். சுத்திகரிப்பில் சோடாவும் களிமண்ணும் அதை அகற்றிவிடும். செக்கில் அகற்ற ஆளில்லை, வாணலிச் சூட்டிலும் அழியாது. வாகை மரமா இரும்பா என்று கேட்பதைவிடப் பருப்பைக் காட்டச் சொல்லுங்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சை படர்ந்தது, கசப்பது எல்லாம் பொறுக்கப்பட்டிருக்க வேண்டும். கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும்.

விலையை வைத்தும் பிடிக்கலாம். செக்கில் 1 கிலோ பருப்புக்கு 400 முதல் 450 மில்லி வரும். ஒரு லிட்டருக்கு இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும், எள்ளுக்கும் ஏறக்குறைய இதே கணக்கு, நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி தனி. உங்கள் ஊர்ச் சந்தையில் அன்றைய பருப்பு விலையைப் பெருக்கி, புண்ணாக்கு விற்கிற காசைக் கழித்து, ஆட்டுக்கூலி சேருங்கள். கடைக்காரர் அதற்கும் கீழே விற்றால் அவர் தர்மம் செய்யவில்லை, பாமாயில் கலக்கிறார்.

வாங்கினதும் இரண்டு மூன்று நாள் தெளியவிட்டு மண்டியை விட்டுவிட்டு மேலாக எடுங்கள். கண்ணாடி மாதிரி தெளிந்த பிளாஸ்டிக் பாட்டிலில் ஜன்னலோரம் வைத்தால் வெளிச்சத்திலேயே காறிப்போகும். மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு போதும். கடலை எண்ணெயை ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் சேர்க்க வேண்டாம். நல்லெண்ணெய் தாக்குப்பிடிக்கும், அதிலுள்ள செசாமோலின் சூட்டில் செசாமோலாக மாறி எண்ணெயைக் காக்கும். ஊறுகாய்க்கு நல்லெண்ணெய் என்று வைத்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

வடசட்டி:

நன்றி. பொரிப்பது மட்டும் பாக்கி. செக்குக் கடலை எண்ணெயில் முறுக்கு போட்டால் வாணலி நிறைய நுரைத்துப் பொங்குகிறது. கொஞ்சம் புளி போட்டால் அடங்குகிறது. போடலாமா?

ஜல்லிக்கரண்டி:

புளி நுரையை அடக்கும், எண்ணெயைச் சரிசெய்யாது. புது எண்ணெய் நுரைப்பதும் பழைய எண்ணெய் நுரைப்பதும் வேறு வேறு. செக்கு எண்ணெயில் பிசின் நீக்காததால் முதல் சூட்டிலேயே நுரைக்கும், சீக்கிரம் கறுக்கும். அது கெட்டுப்போனதால் அல்ல. ஆனால் பொங்கி அடுப்பில் வழிந்தால் தீப்பிடிக்கும், வாணலியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். பழைய எண்ணெய் நுரைத்தால், நுரை சின்னச் சின்னதாக வந்து அடங்காமல் நின்றால், அது முடிந்த எண்ணெய்.

பொரிப்பதற்கு 170 முதல் 180 டிகிரி போதும். ஒரு துளி மாவு போட்டால் அடிக்குப் போய் உடனே மேலே வர வேண்டும். போட்டதும் மேலேயே கறுத்தால் சூடு அதிகம், அடியிலேயே கிடந்தால் குறைவு. சூடு குறைவாக இருக்கும்போது வடை போட்டால் எண்ணெயைக் குடித்துவிடும், எண்ணெய்க் கணக்கு எகிறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரே ஈட்டில் நிறையப் போட்டாலும் இதே கதி. சுத்திகரித்த சூரியகாந்தி 225 டிகிரி வரை புகையாது. செக்குக் கடலை எண்ணெய் 160-லேயே புகையத் தொடங்கலாம், செக்கு நல்லெண்ணெய் 175 சுமார். அதனால் நாள் முழுக்க முறுக்கு சுடுகிற வேலைக்குச் செக்கு எண்ணெய் வீண்செலவு. தாளிப்பு, தோசை, குழம்பு, பொடி, ஊறுகாய்க்கு வையுங்கள்.

எதில் பொரிப்பது? சுத்திகரித்த கடலை எண்ணெய் அல்லது தவிட்டு எண்ணெய். சூரியகாந்தி புகையாவிட்டாலும் லினோலிக் அதிகம் என்பதால் சீக்கிரம் உடையும். புகை வராததும் உடையாததும் ஒன்றல்ல. உடையும்போது ஆல்டிஹைடுகள் உண்டாகும், அந்த மூக்கைக் குத்துகிற வாடை அதுதான். வாணலி விளிம்பில் பிசுபிசுவென்று மஞ்சள் கோந்து மாதிரி ஒட்டுமே, அது எண்ணெய் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டது. விதை எண்ணெயில் நிஜமாகவே பயப்பட வேண்டிய இடம் இதுதான், பாட்டிலில் இருக்கும்போது அல்ல.

எத்தனை தடவை என்றால் வீட்டுக்கு ஒரு தடவைதான் பொரிக்க. ஆறினதும் வெள்ளைத் துணியில் வடிகட்டி, துகள் இல்லாமல், இரண்டு நாளுக்குள் தாளிப்பிலும் குழம்பிலும் தீர்த்துவிடுங்கள். துகள் கிடந்தால் அடுத்த சூட்டில் கருகி எண்ணெயைக் கெடுக்கும். பழையதில் புதியதைச் சேர்க்காதீர்கள், புதியதும் சேர்ந்து கெடும். மீன் பொரித்தது திரும்ப வேண்டவே வேண்டாம். பித்தளை வாணலியில் செம்பு இருக்கிறது, எண்ணெய் காறுவதற்கு அது தூண்டுகோல். துருப்பிடித்த இரும்பும் அப்படித்தான், நன்றாகப் பழகிய இரும்பு வாணலி பரவாயில்லை. வாழைக்காய்ச் சிப்ஸுக்கு எண்ணெயிலேயே உப்புத் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் உண்டு. தண்ணீர் எண்ணெயை உடைத்துக் கொழுப்பமிலத்தைப் பிரிக்கும், அடுத்தடுத்து புகையும் சூடு கீழே இறங்கும். வீட்டில் உப்பை எடுத்தபின் தூவுங்கள்.

கடைகளுக்கு 2018 ஜூலையிலிருந்து சட்டம் இருக்கிறது, எண்ணெய் உடைந்து உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக்கூடாது. கருவி ஒன்றை எண்ணெயில் விட்டு அளப்பார்கள். வீட்டில் கருவி தேவையில்லை. கரண்டியிலிருந்து ஊற்றும்போது கயிறு மாதிரி கெட்டியாக இறங்கினாலோ, அதே தீயில் முன்னைவிடச் சீக்கிரம் புகைந்தாலோ கொட்டிவிடுங்கள். சிங்க்கில் அல்ல, குழாய் அடைக்கும். பழைய செய்தித்தாளிலோ மரத்தூளிலோ ஊறவைத்துக் குப்பையில் போடுங்கள்.

எள்ளுநெய்:

அப்படியானால் மாதம் மூன்றேகால் லிட்டர் என்று வையுங்கள்: கடலை ஒன்றேகால், நல்லெண்ணெய் 1, சூரியகாந்தி 1. ஆளுக்கு 25 கிராமுக்குள் வரும், லினோலிக் 11 கிராம் அளவுக்கு இறங்கும். தேங்காய் எண்ணெய் வேண்டும் என்றால் இதற்குள்ளேயே கழித்துக்கொள்ளுங்கள். பெரிய பாட்டிலிலிருந்து நேரே ஊற்றாமல், காலையில் நாலு பேருக்கும் சேர்த்து ஒரு கிண்ணத்தில் 110 மில்லி அளந்து வைத்துவிட்டால் அன்றைக்கு அதோடு சரி.

இந்த மூன்றிலும் ஒமேகா-3 கிட்டத்தட்ட கிடையாது, அதை வேறு இடத்தில் தேட வேண்டும். சாப்பிடுகிறவர்களுக்கு மத்தி, அயிலை வாரம் இரண்டு நாள், பொரிக்காமல் குழம்பாக. சைவம் என்றால் ஆளிவிதையை வறுத்துப் பொடித்து நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி, இட்லிப் பொடியில் கலந்தால் தெரியாது. முழுசாகச் சாப்பிட்டால் அப்படியே வெளியே வந்துவிடும். பொடித்ததை ஃபிரிட்ஜில் வையுங்கள், வாரத்துக்கு மேல் வேண்டாம்.

எல்டிஎல் மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் மாற்றி மட்டும் 150 நூறாகாது, டாக்டர் மாத்திரை சொன்னால் ரீல்ஸைக் காட்டி வாதாட வேண்டாம்.

செக்கடி:

ஒன்று விட்டுப்போயிற்று. "தீப எண்ணெய்", "பூஜை எண்ணெய்" என்று நல்லெண்ணெய் பக்கத்திலேயே விலை குறைவாக அடுக்கியிருப்பார்கள், பாட்டில் ஒரே மாதிரி இருக்கும். அது சாப்பிட அல்ல. உணவுப் பாதுகாப்பு உரிம எண் பாட்டிலில் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.